அளவு சரியாகத்தான் இருந்தது

பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் எனக்கு இங்கே தெரிந்துவிடும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். என் தையல் மெஷின் ஓடினால் அவள் மேசை அதிரும். அவள் மௌஸைத் தட்டினால் எனக்குக் கேட்கும். டக், டக் என்று நிதானமாகக் கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். டக்கடக்கடக்கென்று ஆத்திரமாகக் கேட்டால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உள்ளங்கையால் மேசையில் ஓர் அடி விழும். அந்த வாரம் முழுக்க அடிதான் அதிகம் கேட்டது.

அவள் கல்யாண ஆல்பம் போடுகிறவள். ஸ்டுடியோக்காரர் எடுத்த படங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். இவள் வீட்டிலேயே உட்கார்ந்து அழகாக அடுக்கித் தருவாள். மாப்பிள்ளை கன்னத்துப் பருவை எடுப்பாள். அழுது வீங்கிய பெண்ணின் கண்ணைச் சரிசெய்வாள். கூட்டப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பெரியப்பாவுக்கு வேறு படத்திலிருந்து திறந்த கண்ணைக் கொண்டுவந்து ஒட்டுவாள். கல்யாணத்துக்கே வராத சித்தப்பாவைக்கூடப் பின்வரிசையில் நிற்க வைத்திருக்கிறாள். அந்தச் சித்தப்பா பிறகு ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, தான் போயிருந்ததாகவே நம்பத் தொடங்கிவிட்டாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அவள் புருஷன் ஃபிட்டர். தெருவில் எல்லாருக்கும் அவர் ஃபிட்டர்தான், பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. பம்ப் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். மழைக்காலத்துக்கு முன்னால் அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிறார். பட்டறையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது, கைக்கு வந்த எதையும் உட்காரவைக்காமல் திருப்பி அனுப்பமாட்டார் என்று. தண்டு குழலுக்குள் போகாவிட்டால் ஒரு மயிரிழை அரத்தால் தேய்ப்பார், எண்ணெய் விடுவார், தட்டுவார், அது போய் உட்கார்ந்துவிடும். அந்தக் கைக்கு இப்போது வேலை இல்லை. எங்கள் வீட்டுக் குழாய், எதிர்வீட்டுக் கதவுக் கீல், ஒரு தடவை ரிப்பேரே ஆகாத என் தையல் மெஷின் என்று எதையாவது கழற்றிக்கொண்டே இருப்பார்.

இப்போது வீடு ஓடுவது அவள் ஆல்பத்தில். அது தெருவுக்கே தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. யாராவது கேட்டால் ஃபிட்டர், "சும்மா இருக்க முடியாம போட்டோவுல ஏதோ பண்ணிட்டிருக்கா" என்பார். அவளும் ஒத்து ஊதுவாள். ஸ்டுடியோக்காரர் பலமுறை அவளைக் கூப்பிட்டுவிட்டார், அங்கே நல்ல மெஷின் இருக்கிறது, காலையில் வந்து சாயங்காலம் போ என்று. அவள் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏன் என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"நான் காலையில பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிப் போயி, அவரு வாசல்ல உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டு இருந்தா, அது நல்லாவாக்கா இருக்கும்? அவரால தாங்க முடியாதுக்கா. வீட்டுக்குள்ளயே பண்ணிட்டா ஒண்ணும் தெரியாது."

ஆக, அந்தப் பழைய பெட்டி ஓடும்வரை ஃபிட்டரின் மானமும் ஓடும். எனக்கு அது அப்போதே சரியாகப் படவில்லை. ஆனால் அடுத்தவர் வீட்டு விஷயம், நான் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர் ஃபிட்டரின் தம்பி வெளிநாடு போவதற்கு முன்னால் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்தது. அப்போது படங்கள் சின்னவை. இப்போது வரும் கேமராவில் ஒரு படமே மலை மாதிரி இருக்கிறதாம். பத்துப் படத்தை ஒன்றாகத் திறந்தால் திரையில் சக்கரம் சுற்றத் தொடங்கிவிடும். வந்திருந்த கல்யாண வேலையோ பெரியது. திங்கட்கிழமை அந்தக் கல்யாண வீட்டுக் குடும்பம் முழுக்க விமானம் ஏறுகிறது. அதற்குள் ஆல்பம் கையில் இருக்க வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் அடி விழுந்த சத்தம் கேட்டு நான் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தேன். மின்விசிறி வெந்த காற்றையே கீழே தள்ளிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டில் காலையில் வைத்த ரொட்டி காய்ந்துபோயிருந்தது.

"போச்சுக்கா. காலையிலருந்து பண்ணினது அத்தனையும் போச்சு. சேவ் பண்றதுக்குள்ள நின்னுடுச்சு."

"ஸ்டுடியோவுல என்ன சொல்றாங்க?"

"ரேம் பத்தலையாம். இன்னொண்ணு வாங்கிப் போட்டா சரியாயிடும்னு சொல்றாரு. உள்ள ஒரு இடம் காலியா இருக்குமாம். பெட்டியை அப்படியே தூக்கிக்கிட்டு கடைக்குப் போயிடலாம்னு பாக்குறேன்."

உள்ளே பனியனோடு உட்கார்ந்திருந்த ஃபிட்டர் எழுந்து வந்தார்.

"பெட்டியைத் தூக்கிட்டுப் போறாளாம். நான் எதுக்கு இருக்கேன்? என்ன சாமான்னு சொல்லு, நான் வாங்கிட்டு வந்து மாட்டுறேன்."

"அது ரேமுங்க. நிறைய வகை இருக்குமாம். உங்க தம்பிக்கு ஒரு போன் போட்டா எதுன்னு சொல்லிடுவாரு."

"அவன்கிட்டயா? அவனுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான். அவன்கிட்ட போய் நான் கேக்கணுமா?"

"அப்போ பழசைக் கழட்டிக் கையில கொண்டுபோங்க. கடைக்காரர் பாத்துட்டு அதே மாதிரி குடுத்துடுவாரு."

"அதைக் கொண்டுபோயிட்டா உன் வேலை நிக்காதா? நான் அளவெடுத்துட்டுப் போறேன். அஞ்சு நிமிஷம் நிறுத்து."

சொன்னபடி பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தார். குறை சொல்லக் கூடாது, அவர் வேலை செய்வதைப் பார்க்க நன்றாகவே இருக்கும். பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஸ்க்ரூக்களைக் கிண்ணத்தில் போட்டு, விளிம்பை மட்டும் பிடித்து, ரேம் என்கிற அந்தப் பச்சைப் பலகையை வெளியே எடுத்தார். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம்கூட இல்லை. மேலே வெள்ளைத் தாள் ஒட்டி என்னென்னவோ எழுதியிருந்தது. ஃபிட்டர் அதைப் பார்க்கவே இல்லை. துணியில் சுற்றி வைத்திருந்த வெர்னியர் அளவுகோலை எடுத்தார். பட்டறையிலிருந்து வந்த பிறகு அதை வெளியே எடுத்து நான் பார்த்தது அன்றுதான். நீளம், அகலம், தடிமன் எல்லாவற்றையும் அளந்து பால்பாயிண்ட் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"அதுல ஏதோ எழுதியிருக்குங்க," என்றாள் அவள்.

"எழுதுறவன் ஆயிரம் எழுதுவான். அளவு பொய் சொல்லாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அளவெடுத்துப் பிழைக்கிறவள்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் யாராவது தைக்கக் கொடுக்க வந்தால் டேப்பை எடுப்பதற்கு முன்னால், அளவுக்கு ஒரு பழைய சட்டை கொண்டு வா என்றுதான் கேட்கிறேன். மார்பளவு சரியாக இருந்து பொத்தான் தப்பான பக்கம் போய்விட்டால் உடுத்துகிறவள் என்னைத்தானே திட்டுவாள். இதைச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் எனக்கு ஜிப் வாங்க வேண்டியிருந்தது, அவரோடு கடைத்தெருவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடை மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து மாதிரி இருந்தது. உள்ளே நின்றால் முதுகில் ஒயர் இடிக்கும். கடைக்காரர் சின்ன வயசுக்காரர்தான், ஆனால் பொறுமைசாலி. பொறுமை போகிற வரைக்கும் பொறுமைசாலி.

"ரேமா? மூணா நாலா சார்?"

"ஒண்ணு போதும்."

"எத்தனைன்னு கேக்கல சார். வகை. பழைய மெஷின்னா மூணு, புதுசுன்னா நாலு."

"இந்தாங்க," என்று ஃபிட்டர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வேர்வையில் எண்கள் கொஞ்சம் ஊறியிருந்தன.

கடைக்காரர் அதைப் படித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். "இது என்ன சார்?"

"அளவு. நீளம், அகலம், தடிமன்."

"சார், இது அளந்து வாங்குற சாமான் இல்ல."

"தம்பி, ஒரு பொருள்னு இருந்தா அதுக்கு அளவுன்னு ஒண்ணு இருக்கும். நான் இருபது வருஷமா இதே வேலை பாத்தவன்."

"சரி சார். பழசுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, அதுல என்ன போட்டிருந்துச்சு?"

ஃபிட்டர் உள்ளங்கையை மடக்கிக்கொண்டார். "எழுத்து அழிஞ்சு போச்சு."

"இல்லையே தம்பி, நல்லா வெள்ளையாத் தெரிஞ்சுதே," என்றேன் நான் ஃபிட்டரைப் பார்த்து.

"அக்கா, நீங்க ஜிப் வாங்க வந்தீங்க. போய் வாங்குங்க."

கடைக்காரருக்கு அதற்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். "மெஷின் எப்ப வாங்கினது சார்? எதுக்கும் வீட்டுல போன் போட்டுக் கேட்டுக்கங்க. திறந்துட்டா நான் திருப்பி எடுக்க மாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இப்ப எல்லாரும் வாங்குறது இதுதான். நாலு."

ஃபிட்டர் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். வரிசையில் நின்ற ஆட்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒளி ஊடுருவும் உறையோடு வைத்தே அளந்தார். நீளம் கொஞ்சமும் பிசகவில்லை. தடிமனும் ஏறக்குறைய அதேதான். அகலம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் கூடுதல்.

"மேல நீட்டிக்கிட்டு இருக்கறதால ஒண்ணும் இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "போடுங்க."

திரும்பி வரும்போது அவர் நடை மாறியிருந்தது. பட்டறை நாட்களில் டிபன்பாக்ஸை ஆட்டிக்கொண்டு வருவாரே, அந்த நடை. வழியில் எனக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த நடை வீட்டில் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. புதிய பலகை உள்ளே போகவில்லை. இரண்டு ஓரமும் சரியாக நின்றது, அழுத்தினால் இறங்கவில்லை. திருப்பிப் போட்டாலும் இறங்கவில்லை. ஃபிட்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பலகையின் அடியில் ஒரு சின்ன வெட்டு, பெட்டிக்குள் இருந்த பள்ளத்தில் ஒரு சின்ன மேடு. வெட்டு மேட்டில் உட்கார வேண்டும். ஆனால் வெட்டு ஓர் இடத்தில், மேடு அதற்குப் பக்கத்தில்.

"தயாரிப்புக் கோளாறு," என்றார்.

"கோளாறு இல்லீங்க. இது வேற வகை. அதுக்குத்தான் அந்த இடத்தை மாத்தி வச்சிருக்காங்க, தப்பானதைப் போடக் கூடாதுன்னு." அவள் குரலில் இருந்த களைப்பைக் கேட்டால் பாவமாக இருந்தது. "குடுங்க, நான் போய் மாத்திட்டு வர்றேன்."

"உறையைக் கிழிச்சாச்சு. எடுக்க மாட்டான். நாளைக்குக் கடையும் லீவு."

அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. அந்த ஸ்டிக்கர்ல இருந்ததைப் படிச்சிருக்கலாம்ல."

ஃபிட்டரின் கட்டைவிரல் நகம் அந்த மேட்டைத் தடவிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தத் தடவல் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஸ்டுடியோவுக்கு ஓடினாள், இன்னும் ஒருநாள் தவணை கேட்கவும் விட்டுப்போன படங்களை வாங்கி வரவும். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு ஒரு சத்தம் வந்தது. சர்க், சர்க் என்று மெல்லிசாக, விட்டுவிட்டு. மெஷினை நிறுத்திக் காதைக் கொடுத்தேன். அரம்.

போய்ப் பார்த்தேன். பெட்டி முழுக்கப் பழைய செய்தித்தாளால் மூடி, அந்தப் பள்ளம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். கையில் ஊசி அரம். நெற்றியில் துணி கட்டியிருந்தார், வேர்வை சொட்டக் கூடாதென்று. தேய்க்கிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தடவை ஊதினார்.

"தம்பி, என்ன பண்றீங்க? அவ வந்துடட்டும்."

"அவ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்கா. வந்தா உடனே வேலையில உக்காந்துடுவா."

"அந்த மேட்டை ஒரு காரணத்துக்காகத்தானே வச்சிருப்பான்?"

"துணி வெட்டுற உங்களுக்கு இது புரியாதுக்கா. வெறும் பிளாஸ்டிக். கரண்டு போற கம்பியில நான் கையே வைக்கல. பாருங்க, எவ்வளவு சுத்தமா வருதுன்னு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. துணி வெட்டுகிறவளாம். "இன்னைக்கு ஒருநாள் பொறுத்தா நாளைக்குக் கடை திறந்துடும். அதுக்குள்ள என்ன குடியா முழுகிடும்?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

அவர் அரத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் பேசினார். "நாளைக்கு அவ போயி மாத்துவா. அவ போயி கேப்பா, அவ வாங்கிட்டு வருவா, அவளே மாட்டுவா. அப்புறம் நான் எதுக்குக்கா இந்த வீட்டுல?"

திரும்பி வந்து என் மெஷினில் உட்கார்ந்தேன். மிதிக்கத்தான் முடியவில்லை. சர்க் சர்க்கென்ற சத்தம் நின்று, க்ளிக் என்று ஒன்று கேட்டது. உட்கார்ந்துவிட்டது.

அவள் வந்ததும் ஃபிட்டர் வாசலிலேயே சிரித்தார். "வா வா. உக்காந்துடுச்சு. நீயே ஸ்விட்சைப் போடு."

"எப்படிங்க உக்காந்துச்சு?"

"உக்காந்துடுச்சுன்னா உக்காந்துடுச்சு. போடு."

வெயிலில் நடந்து வந்த முகம், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் பார்த்தேன். அவரை நம்பினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் ஸ்விட்சைப் போட்டாள்.

விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே சட்டென்று ஒரு சின்னச் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. திரை கறுப்பாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது, இஸ்திரிப் பெட்டிக்கடியில் நைலான் மாட்டிக்கொண்டால் வருமே, அந்த வாசனை.

புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். இடம் மாற்றிப் பார்த்தார்கள். ஒயரைப் பிடுங்கிச் சொருகினார்கள். ஃபிட்டர் பக்கத்தில் தட்டினார், மேலே தட்டினார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. "சாமானே மட்டம். அவன் ஏமாத்திட்டான்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எதுவும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவில்லை. நான் சோறும் முட்டையும் கொண்டுபோய் வைத்தேன், இரண்டு தட்டும் அப்படியே திரும்பி வந்தன.

சனிக்கிழமை பெட்டியை என் பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனோம். நான் வரவில்லை என்று சொன்னாலும் அவள் என் கையை விடவில்லை. கடைக்காரர் மூடியைத் திறந்து, மூக்கைச் சுளித்து, லைட்டை இழுத்து வைத்துக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பள்ளத்துக்குள் விரல் நுனியை விட்டுத் தடவினார்.

"இங்க ஒரு மேடு இருக்கணுமே. யாரு எடுத்தது?"

அவளுக்கு அப்போதுதான் தெரியும். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கடையில் இன்னும் மூன்று நாலு பேர் இருந்தார்கள். ஃபிட்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்," என்றார்.

"எதை வச்சு சார்?"

"அரம்."

கடைக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மறுபடியும் தடவிப் பார்த்தார். "ஒரு பிசிறு இல்ல. ஒரு கீறல் இல்ல. மெஷின்ல போட்டு எடுத்தாக்கூட இவ்வளவு சுத்தமா வராது சார்," என்றார். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார். "ஆனா போர்டு செத்துப்போச்சு. புது ரேமும் போச்சு, பழைய ரேமும் போச்சு. இந்த மாடல் போர்டு இப்ப வர்றதும் இல்ல. மொத்தமாவே மாத்தணும். படம் எல்லாம் இருக்கிற டிஸ்க்கு மட்டும் நல்லா இருக்கு. கழட்டித் தர்றேன்."

அந்தப் பாராட்டை அவர் எங்கே வைத்துக்கொள்வார்? ஃபிட்டரின் காது சிவந்துபோயிற்று. எனக்கே அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் எதைச் செய்வதென்று தெரியாமல் ஆட்டோக்காரனிடம் சண்டைபிடித்தேன்.

வீடு வந்து சேரும்வரை அவள் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு வெடித்தது. சுவர் ஒற்றைச் செங்கல்தான் என்று சொன்னேனே, எல்லாம் கேட்டது.

"என்கிட்ட சொன்னீங்களா? அரத்தை வச்சுத் தேய்ச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? என்னையே ஸ்விட்சைப் போட வச்சீங்களே!"

"சரியாயிடும்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க. கேக்க மட்டும் மாட்டீங்க. தம்பிகிட்ட கேக்க மாட்டீங்க, கடைக்காரன்கிட்ட கேக்க மாட்டீங்க, கட்டினவகிட்ட கேக்கவே மாட்டீங்க. கேட்டா என்ன கிரீடமா கீழ விழுந்துடும்?"

"நானும் ஏதாவது பண்ணணும்ல. உனக்கு உதவியா ஏதாவது…"

"உதவியா? நான் இந்த வீட்டுக்குள்ளயே எதுக்கு வேகுறேன்னு தெரியுமா உங்களுக்கு? ஸ்டுடியோக்காரரு கூப்பிடறப்பல்லாம் மாட்டேன் மாட்டேன்னு ஏன் சொன்னேன்? உங்களுக்காக. தெருவுல நாலு பேரு உங்களை ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு. அந்தப் பெட்டி ஓடினாத்தான் அதுவும் நடக்கும். அதையும் நீங்களே தேய்ச்சு எடுத்துட்டீங்க."

பிறகு அவள் ஸ்டுடியோக்காரரிடம் போனில் பேசுவது கேட்டது. ஒவ்வொரு சொல்லையும் தட்டி எடுத்து வைக்கிற மாதிரி பேசினாள்.

"ஆமா சார். நாளைக்குக் காலையிலயே வந்துடறேன். ஞாயித்துக்கிழமையா இருந்தா என்ன சார். இந்த ஆல்பம் மட்டும் இல்ல. இனிமே தினமும் அங்கேயே வந்து பண்றேன்."

ஞாயிற்றுக்கிழமை தெருவில் எல்லாரும் வீட்டில் இருக்கிற நாள். நான் வாசலில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். இராத்திரி பெய்த தூறலில் தரை ஈரமாக இருந்தது, காற்று கொஞ்சம் குளிர்ந்திருந்தது. அவள் தலைசீவி, இஸ்திரி போட்ட புடவை கட்டி, தோளில் பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்வீட்டுக்காரர் குழாயை மூடாமலே பார்த்தார். அவளுக்கு அது தெரிந்தது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"போயிட்டு வர்றேன்," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். கோபம் இல்லை, வழக்கமான குரல்தான்.

உள்ளிருந்து பதில் வரவில்லை. கொஞ்சம் நின்றாள். பிறகு என்னிடம் தலையசைத்துவிட்டு இறங்கி நடந்தாள்.

ஃபிட்டர் பனியனோடு வெளியே வந்தார். வாசலில் நிற்கவில்லை, நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

அவர் கேட்கிறேன் என்று சொன்னதே எனக்கு அதிசயமாக இருந்தது. ஊசியை நிறுத்தினேன். "கேளுங்க தம்பி."

"நான் பட்டறைக்குக் கிளம்பும்போது போயிட்டு வர்றேன்னு சொல்லுவேன்ல. அதுக்கு அவ என்ன சொல்லுவா?" அவள் போன பக்கம் பார்த்தார். "இப்ப அவ சொன்னா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அவ என்ன சொல்லுவான்னு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகமே வரல."

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா தம்பி," என்றேன். "நீங்க முனை திரும்புற வரைக்கும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பா. தினமும்."

அவர் என்னையே பார்த்தார். "நான் ஒருநாள்கூடத் திரும்பிப் பாத்ததில்லையே அக்கா."

அவர் போய் அவர் வீட்டு வாசற்படியில் நின்றார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், மாடியிலிருந்தும் யாரோ பார்த்தார்கள். அவர் உள்ளே போகவில்லை. அவள் தேங்கிய தண்ணீரை ஒதுங்கி ஒதுங்கி, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். முனைக்குப் போய்ச் சேர்ந்தாள். பின்னால் பார்க்காமலே முனையில் திரும்பி மறைந்துவிட்டாள். ஃபிட்டர் நின்றுகொண்டே இருந்தார்.